ஆறு ஃபிரேம்

படிவத்தில் ஏழாவது கட்டம்: கல்வித் தகுதி.
பக்கத்தில் சிவப்பாய் ஒரு நட்சத்திரம்.
காலியாய் விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
ஒரு புள்ளி வைத்தேன்.
திறந்தது.

இது பிழை என்று எழுதி அனுப்பக் கை பரபரத்தது.
இரண்டு வருடமாய் அதுதானே பிழைப்பு.
மாரத்தஹள்ளியில் ஏழாம் மாடி, இரவு ஷிப்ட்,
யாரோ செய்த விளையாட்டுகளில்
சுவருக்குள் நடந்து பார்ப்பது,
ஒரே கதவை நானூறு முறை தட்டுவது,
அந்த உலகம் எங்கே கிழிகிறது என்று குறித்து வைப்பது.
கழுத்து அட்டையில் எட்வினா.
அதன் கீழே, பெயரைவிடப் பெரிய எழுத்தில், தற்காலிகம்.

பத்தாவதில் கணக்கு போயிற்று.
மறுபடி எழுதினேன், மறுபடி போயிற்று.
சொல்லிக்கொள்ள நல்ல கதை எதுவும் இல்லை.
அப்பா குடிக்கிறவர் இல்லை. வீட்டில் யாரும் சாகவில்லை.
எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள்
புவியீர்ப்பு என்பது வெறும் ஒரு எண் என்று கண்டுகொண்டேன்.
பாதியாக்கினால் பறக்கலாம்.
கழித்தல் குறி போட்டால் வானத்தில் விழலாம்.
நாற்பது வாங்காதவள் மூன்று இரவு
ஒரு குதியின் வளைகோட்டோடு மல்லுக்கட்டினாள்.

எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய திரை,
இடது ஓரத்தில் நிரந்தரமாய் ஒரு பச்சைக் கோடு.
அதனால்தான் என் விளையாட்டில்
இடப்பக்கம் முக்கியமாய் எதுவும் நடப்பதில்லை.

விளையாட்டு இதுதான்:
தெருமுனையில் தண்ணி லாரி. தொண்ணூறு வினாடி.
நிறைகுடத்தோடு கூரை கூரையாய்த் தாவி வீடு சேரவேண்டும்.
லிங்கராஜபுரத்தில் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து
ஷெரினும் அவள் தம்பியும் ஆடினார்கள்.
மூன்றாவது கூரையில் இருவரும் விழுந்தார்கள், விழுந்துகொண்டே இருந்தார்கள்.
"குதிச்சேன்க்கா. சத்தியமா குதிச்சேன். அதுக்குத்தான் கேக்கல."

பதிவை மெதுவாய் ஓட்டிப் பார்த்தேன்.
பொய் சொல்லவில்லை பிள்ளைகள்.
கூரை முடிந்த மறுகணம் அழுத்தியிருந்தார்கள்.
கணக்குப்படி தாமதம்.
அவர்கள் விரலைக் கேட்டால், சரியான நேரம்.

ஆறு ஃபிரேம் கொடுத்தேன்.
நொடியில் பத்தில் ஒரு பங்கு.
காலடியில் கூரை இல்லை;
இருக்கிறது என்று விளையாட்டு நடிக்கும்.
அதற்குள் அழுத்தினால் குதி.
யாருக்கும் இது தெரியாது.
ஷெரின் தனக்கு ஆட்டம் பழகிவிட்டது என்றாள்.
ஆமாம் என்றேன்.

இந்திரா நகர், நூறடி ரோட்டுக்குப் பின்னால்
பங்களா ஒன்றை அலுவலகமாக்கியிருந்தார்கள்.
பெல்லியப்பா என்று ஒருவர், கால்சட்டை முழுக்க நாய் முடி,
எங்கே படித்தாய் என்று கன்னடத்தில் கேட்டார்.
பதிலை இங்கிலீஷில் தேடினேன், தமிழில் தேடினேன்.
கடைசியில் போனை நீட்டினேன்.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.
கட்டைவிரலைப் பார்த்தேன்.
மூன்றாவது கூரையைத் தாண்டினார்,
நான்காவதில் விழுந்தார், அங்கே யாரும் விழுந்ததில்லை.
நோட்டில் குறித்தேன்.
"என்ன எழுதறே?"
"நீங்க தயங்கின இடம், சார்."
மறுபடி அழுத்தினார். பதினோரு முறை.
டீ ஆடை கட்டிப்போனது.
ஒருமுறை, ஒரே ஒருமுறை,
கூரை முடிந்தபின் அழுத்தி, தாவி, மறுபக்கம் இறங்கி
"பாத்தியா!" என்றார் ஷெரின் மாதிரியே.

சொல்கிறோம் என்றார்கள்.
எல்லோரும் சொல்கிற வார்த்தைதான்.

ஒன்பது நாள் கழித்து, பானசவாடி சிக்னலில், பஸ்ஸில் நிற்கும்போது போன்.
எச்.ஆர். பெண்ணின் குரல், தூக்கம் போதாத குரல்.
"ஆறு மாச ஒப்பந்தம், மேடம். பிறகு பார்க்கலாம்.
ஆனா உங்க படிவத்துல ஏழாவது கட்டத்துல
புள்ளி மட்டும் இருக்கே?
எப்படி உள்ளே வந்துச்சு?"

அது பிழை என்றேன்.
பிறகு, தொழில் பழக்கம்,
அதை மறுபடி உண்டாக்குவது எப்படி என்று
ஒன்று, இரண்டு என
வரிசையாய்ச் சொல்ல ஆரம்பித்தேன்.